இன்ஸ்பெக்டர் தலைக் காக்கா

பங்குனி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், குழாயில் தண்ணீர் வருகிற நேரமாகப் பார்த்து, ஓய்வுபெற்ற செக்கிங் இன்ஸ்பெக்டர் ஆவுடையப்பனின் தலையில் ஒரு காக்கா வந்து உட்கார்ந்தது, பிறகு எழுந்து போகவில்லை. விஷயம் இவ்வளவுதான். ஏன் வந்தது, எங்கிருந்து வந்தது என்று கேட்கிறவர்கள் வேறு வேலை இருந்தால் பார்க்கலாம்.

காக்கா தலையில் தட்டுவது எங்கள் ஊரில் புதிதில்லை. தட்டும், போகும், தட்டு வாங்கியவர் தலைக்குக் குளித்துவிட்டு எள் விளக்குப் போடுவார், அதோடு சரி. இது போகவில்லை. மனைவி உலகம்மாள் வாரியலை ஓங்கினாள், மகன் திருமலைக்குமார் துண்டை வீசினான், எதிர்வீட்டுக்காரர் தீபாவளிக்கு மிஞ்சிய சரத்தைக் கொளுத்திப் போட்டார், சரம் வெடித்ததில் தாலுகா முழுக்க இருந்த மற்ற காக்காய்கள் எல்லாம் எழும்பி வானம் கறுத்துப்போனது, இது மட்டும் கழுத்தைச் சாய்த்து வெடித்த இடத்தை ஒருமுறை பார்த்துவிட்டு அவருடைய வழுக்கையில் இன்னும் கொஞ்சம் வசதியாக உட்கார்ந்துகொண்டது. ஆவுடையப்பன் கையைக்கூடத் தூக்கவில்லை. குடம் நிரம்பி வழிந்தது, அதையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அந்த மனிதரைப் பற்றிச் சொல்ல வேண்டும். வேலையில் இருந்த காலத்தில், வளைவில் பஸ் வேகம் குறைக்கிற இடத்தில் புளியமரத்துக்குப் பின்னாலிருந்து பாய்ந்து ஏறி, பச்சைப்பிள்ளையின் வயதைக் கேட்டுத் தாயை மிரட்டி, கல்யாணத்துக்குப் போய்க்கொண்டிருந்த மாப்பிள்ளையையே ஒரு ஸ்டேஜ் கூடுதலாக வந்ததற்காக மாலையும் கழுத்துமாக நடுரோட்டில் இறக்கிவிட்டவர் அவர், ஆகையால் ஊரில் அவரை நேசித்தவர் என்று யாரும் இல்லை, அவரும் அதைக் குறையாக நினைத்தது இல்லை. அப்படிப்பட்டவர் போன ஐப்பசியிலிருந்து பேப்பர் படிப்பதை விட்டார், சவரத்தை விட்டார், விடியுமுன் எழுந்து நாற்காலியில் உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான், தட்டில் போட்ட இட்லி காய்ந்து கல்லாகும், யாரும் கண்டுகொள்ளவில்லை. வயசாயிட்டுல்லா, அப்படித்தான் இருக்கும் என்றது ஊர். சர்க்கரை டாக்டர் சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். காக்கா வந்து உட்கார்ந்த பிறகுதான் எல்லாரும் அந்தத் திசையில் திரும்பினார்கள், திரும்பியவர்களும் காக்காவைப் பார்த்தார்கள்.

ஜோசியரிடம் போனார்கள். காக்கா தலையில் உட்கார்ந்தால் அது சாவுச் சேதிக்கு ஈடு, எனவே பொய்யாக ஒரு சாவுச் சேதியைச் சொந்தக்காரர் யாருக்காவது சொல்லி, அவர்கள் அழுதால் கண்டம் கழிந்துபோகும், அழுதது தெரிந்த உடனே பொய் என்று சொல்லிவிட வேண்டும் என்றார் ஜோசியர். இது காலகாலமாக நடப்பதுதான். திருமலைக்குமார் கடையநல்லூரில் இருக்கிற அத்தை வடிவுக்குப் போன் போட்டு, அப்பா போயிட்டாரு அத்தை என்று சொன்னான், சொன்னவன் தன் குரல் உடைந்த நேர்த்தியில் தானே அசந்துபோய், அந்த அசதியில் பசியெடுத்து, இரண்டாவது போனைப் போடாமல் புரோட்டாக் கடைக்குப் போய்விட்டான்.

வடிவு ஒரு வேன் ஆட்களோடு வந்து இறங்கினாள். கடையநல்லூரிலிருந்து வழி நெடுக ஒப்பாரி வைத்துக்கொண்டு வந்திருக்கிறாள், தம்பியின் நல்ல குணங்களை எண்ணிப் பார்த்ததில் இரண்டுதான் தேறியது, அந்த இரண்டையே மாற்றி மாற்றிப் பாடித் தொண்டை கட்டிப்போயிருந்தது. வாசலில் தம்பி உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். அவன் தலையில் காக்கா உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். அதைக் கையால் ஒதுக்கிப் பார்த்து, அது ஒதுங்காததைச் சட்டை செய்யாமல், குனிந்து அவன் முகத்தைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள்.

"செத்தவன் மூஞ்சி இதவிட நல்லா இருக்கும்லே," என்றாள். பிறகு உலகம்மாளைப் பார்த்து, "ஏட்டி, இவன ஆசுபத்திரிக்குக் கூட்டிட்டுப் போனியா, இல்ல நெசமாவே எனக்குப் போன் போடணும்னு காத்துக்கிட்டு இருக்கியா?" என்று கேட்டாள்.

கொண்டுவந்த மாலைகளைப் பிள்ளையார் கோயிலுக்குக் கொடுத்துவிட்டு, கூட வந்தவர்களுக்குக் காப்பி வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டு, அடுத்த புதன்கிழமை அவளே தம்பியைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறினாள். பஸ்ஸில் கண்டக்டருக்குக் குழப்பம் வந்தது. கோழிக்கு டிக்கெட் உண்டே, காக்காவுக்கு உண்டா, உண்டென்றால் முழுசா அரையா? பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் ஒரு கருத்துச் சொன்னார்கள். முன்னாள் செக்கிங் இன்ஸ்பெக்டர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். ஒரு டிக்கெட் விவகாரத்தில் ஆவுடையப்பன் வாயைத் திறக்கவில்லை என்பது அன்று சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கப் பரவி, காக்கா வந்தபோது பயப்படாதவர்கள்கூட அதைக் கேட்டுக் கொஞ்சம் பயந்தார்கள்.

ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டர் பார்த்து மாத்திரை எழுதினார், எழுதிவிட்டு எக்ஸ்ரே அறைக்குப் பக்கத்து அறைக்கு அனுப்பினார். அங்கே பெல்சி என்று ஒரு பெண் இருந்தாள், நாகர்கோவில் பக்கம், புதன்கிழமைதோறும் வயதானவர்களோடு பேசுவதற்காகவே சர்க்கார் சம்பளம் கொடுத்து வைத்திருக்கிறது, ஊரில் அவளை டாக்டரம்மா என்றார்கள், நான் டாக்டர் இல்லை என்று அவள் ஒவ்வொருவரிடமும் சொல்லிச் சொல்லி அலுத்துப்போயிருந்தாள். தூக்கம் எப்படி என்று கேட்டாள். இல்லை என்றார். பசி? இல்லை. எதிலாவது ஆசை? இல்லை. எதனால் இப்படி ஆச்சு என்று நினைக்கிறீர்கள் என்றதற்கு, படித்தவள் நீதான், நீயே சொல் என்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார்.

காரணம் இருந்தாலும் இருக்கும், இல்லாமலும் வரும், சர்க்கரை வியாதி காரணம் சொல்லிவிட்டா வந்தது, இதற்குப் பெயர் மனச்சோர்வு, வயசானால் எல்லாருக்கும் வருவதும் இல்லை, வந்தால் அப்படியே விட்டுவிடுவதும் இல்லை, வைத்தியம் உண்டு, மாத்திரை வேலை காட்டச் சில வாரமாகும், அதுவரைக்கும் புதன்கிழமை புதன்கிழமை பேசுவோம், பேசுவது இந்த அறையைத் தாண்டாது, உங்கள் உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் தாண்டும் என்று அவள் சொன்னாள். கடைசி வாக்கியத்தை அவர் காதில் வாங்கவில்லை. பேசினால் என்ன ஆகும் என்று கேட்டார்.

"தெரியல சார். பேசிப் பாப்போம்."

காலமெல்லாம் பொய் சொல்கிறவர்களின் கண்ணைப் பார்த்தே பிழைத்தவர் அவர். இவள் கண்ணில் பொய் இல்லை என்பதைக் கவனித்தார். அது அவருக்குப் பிடித்ததா பிடிக்கவில்லையா என்பது அவருக்கே தெரியவில்லை, ஆனாலும் அடுத்த புதனும் போனார்.

தினமும் காலையில் எழுந்து பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்து போய் ஒரு பேப்பர் வாங்கி வர வேண்டும் என்று வேலை கொடுத்தாள். அடுத்த வாரம் வாங்கினேன் என்றார். இன்றைக்கு முதல் பக்கத்தில் என்ன படம் என்று கேட்டாள். அவர் ஜன்னல் பக்கம் திரும்பினார். வாங்கவில்லை என்றால் வாங்கவில்லை என்றே சொல்லலாம், அபராதம் எதுவும் கிடையாது என்றாள். டிக்கெட் இல்லாமல் மாட்டிக்கொண்டவனின் வேர்வை எப்படி இருக்கும் என்பது ஆவுடையப்பனுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. மறுநாள் பேப்பர் வாங்கப் போனார். படிக்கவில்லை. வாங்கினார்.

நடந்து போனதில்தான் வினை பிடித்தது. எங்கள் ஊரில் பைபாஸ் ஓரம் பிரியாணிக் கடைகள் வந்த நாளிலிருந்து காக்காய்கள் எல்லாம் அந்தக் கடைகளின் பின்பக்கத்துக்குக் குடிபோய்விட்டன, எலும்புக்குப் பழகிய நாக்கு பருப்புச் சோற்றைத் திரும்பிப் பார்ப்பதில்லை, அமாவாசை தோறும் ஜனங்கள் மொட்டைமாடியில் இலையைப் போட்டுக் கா கா என்று தொண்டை வறளக் கத்தி, ஒன்றும் வராமல், காக்கா தொடாமல் வீட்டார் சாப்பிடக் கூடாது என்பதால் மத்தியானம் வரைக்கும் பட்டினி கிடந்து, கடைசியில் மைனா தின்றதையே காக்கா தின்றதாகப் பாவித்துக்கொண்டு உட்காருகிற நிலைமை. இந்த நிலைமையில், கூப்பிடாமலே கைக்கெட்டும் உயரத்தில், காலையில் தெற்குத் தெரு வழியாகப் போய்ப் பஸ் ஸ்டாண்டு வழியாகத் திரும்புகிற காக்கா ஒன்று கிடைத்தால் ஊர் விடுமா? முதலில் ஒருத்தி தயிர்ச்சோறு உருண்டையை நீட்டினாள், காக்கா குனிந்து வாங்கித் தின்றது. சித்திரை அமாவாசைக்குள் அவர் வீட்டு வாசலில் வரிசை நின்றது.

சனி பகவான்தான் வந்திருக்கிறார் என்று சொல்லிக்கொண்டிருந்த கட்சி சோறு தின்றதைப் பார்த்துக் கரைந்துபோனது. எல்லாருக்கும் அது அவரவர் வீட்டுச் செத்தவர்தான். அண்ணன் தம்பி இருவர் வந்து பாகப்பிரிவினையில் அப்பா மனசில் என்ன இருந்தது என்று கேட்டுவிட்டு, காக்கா வலது பக்கம் திரும்பியதை ஒருவனும் இடது பக்கம் திரும்பியதை இன்னொருவனும் சாட்சியாக எடுத்துக்கொண்டு போனார்கள். ஒரு பெண் கல்யாணப் பத்திரிகையின் முதல் பிரதியை அவர் நெற்றிக்கு நேராகப் பிடித்து வாசித்துக் காட்டினாள். இன்னொருத்தி வாராவாரம் வந்து புருஷனை நிதானமாகத் திட்டிவிட்டுப் போனாள், உயிரோடு இருந்தபோது எதிர்த்துப் பேசியிருப்பான், இப்போது கேட்டுக்கொள்கிறான் என்று சந்தோஷப்பட்டாள். நடுரோட்டில் இறக்கிவிடப்பட்ட அந்தப் பழைய மாப்பிள்ளைகூட வந்து கைகூப்பி நின்றான். எல்லாரும் ஆவுடையப்பனின் கண்ணுக்கு ஒரு சாண் மேலே பார்த்துத்தான் பேசினார்கள்.

உலகம்மாளுக்கு மட்டும் சந்தேகமே இல்லை, அது அவளுடைய மாமியார். குழம்பில் உப்புக் கூடிய அன்று மகன் மண்டையில் அலகால் கொத்துகிறதே, வேறு யாராக இருக்கும்? உயிரோடு இருக்கையில் படுத்தியது போதாது என்று மகன் தலையிலேயே வந்து உட்கார்ந்தாச்சு என்று முணுமுணுத்துக்கொண்டு, ஆனாலும் வேளை தவறாமல் அதற்கு ஊட்டினாள். காக்கா கொழுத்தது. ஆவுடையப்பன் இளைத்தார். காக்காவின் கனத்தில் கழுத்து முன்னால் வளைந்து, சட்டைக் காலர் தோளிலிருந்து நழுவி விழுந்தது.

ஆனி மாதத்துப் புதன் ஒன்றில் பெல்சி பேனாவை மூடி வைத்துவிட்டு, எங்கள் ஊரில் யாரும் யாரையும் கேட்காத கேள்வியை, காப்பிக்குச் சர்க்கரை போடவா என்பதுபோலக் கேட்டாள்.

"சாகணும்னு தோணுதா சார்?"

ஆவுடையப்பன் நிமிர்ந்தார். அப்படிக் கேட்டதே அபசகுனம் என்று வீட்டில் என்றால் வாயில் அடித்திருப்பார்கள். இவள் பதிலுக்குக் காத்திருந்தாள்.

"தோணுது," என்றார். எத்தனையோ மாதமாக நெஞ்சில் கிடந்த சொல் அவ்வளவு சின்னதாக இருந்தது அவருக்கே ஆச்சரியம். "ஆடி அமாவாசை முடியட்டும்னு இருக்கேன். அன்னைக்கு ஊரு பூராவும் வரும்லா. அது ஒண்ணுக்குத்தான் நான் ஆகுதேன். அது முடிஞ்சா போயிருவேன்."

இதை இந்த நிமிஷமே உங்கள் வீட்டம்மாவிடம் சொல்லப்போகிறேன், டாக்டரிடமும் சொல்லப்போகிறேன், உங்களுக்குப் பின்னால் இல்லை, உங்கள் முன்னால் வைத்தே என்று பெல்சி சொன்னாள். முதல் நாளே சொல்லியிருக்கிறேன் என்றாள். வெளியே பெஞ்சியில் உட்கார்ந்திருந்த உலகம்மாளை உள்ளே கூப்பிட்டுச் சொன்னாள். உலகம்மாள் அழவில்லை, முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு புருஷனின் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்டர் மாத்திரையைக் கூட்டினார். வீட்டில் யாராவது எப்போதும் கூட இருக்க வேண்டும் என்றார்.

"நம்பிச் சொன்னேன்," என்றார் ஆவுடையப்பன், பெல்சியைப் பார்த்து. அடுத்த புதன் அவர் போகவில்லை.

இதற்கு நடுவில் கவுன்சிலர் குற்றாலிங்கம் ஊர்ப் பெரியவர்கள் சிலரைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பெல்சியைப் பார்த்தார். குணப்படுத்த வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை, அதுவும் ஒரு உயிர்தானே, ஆனால் மாத்திரை ஆரம்பித்ததிலிருந்து காக்கா அப்பப்போ இறக்கையை விரித்துப் பார்க்கிறது, அவருக்குச் சரியாகி அது பறந்துபோனால் ஆடி அமாவாசைக்கு நாங்கள் யாரிடம் போவது, வெளியூர்க்காரர்கள் வேறு வருகிறார்கள், பந்தலுக்குச் சொல்லியாகிவிட்டது, எனவே அமாவாசை வரைக்கும் கொஞ்சம் பையப் பையக் குணப்படுத்தினால் ஊருக்கு உபகாரமாக இருக்கும் என்று சொல்லி ஒரு சீப்பு மட்டிப் பழத்தை மேசையில் வைத்தார். பெல்சி பழத்தை வெளியே பெஞ்சியில் இருந்த நோயாளிகளுக்குக் கொடுத்துவிட்டு, அன்றைக்கே பஸ் ஏறி ஆவுடையப்பன் வீட்டுக்கு வந்தாள்.

அவர் வாசல் நாற்காலியில் இருந்தார். வா என்று சொல்லவில்லை. அவள் எதிரே பிளாஸ்டிக் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பிறகு அவர் கையை நீட்டினார்.

"டிக்கெட் எங்க?"

பெண்களுக்கு இப்போது டவுன் பஸ்ஸில் காசு கிடையாது, ஆனாலும் சீட்டு கொடுப்பார்கள். அவள் பையைக் கிளறி எடுத்துக் கொடுத்தாள். அவர் அதைக் கண்ணுக்கு அருகே பிடித்து, தூரப் பிடித்து, திருப்பிப் பார்த்தார். ஏறின ஸ்டேஜைத் தப்பாப் போட்டிருக்கான் மடப்பய என்றார். அது ஐப்பசிக்குப் பிறகு அவர் யாரையாவது திட்டிய முதல் தடவை. உள்ளே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த உலகம்மாள் கையை நிறுத்தினாள்.

உங்கள் நம்பிக்கையைக் கெடுத்ததாக நினைக்கிறீர்கள், நினைத்துக்கொள்ளுங்கள், நீங்கள் கோபமாக உயிரோடு இருப்பது எனக்குப் போதும் என்று பெல்சி சொன்னாள். பிறகு கவுன்சிலர் வந்து போன கதையை ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். உங்களிடம் சொல்லாமல் இதை வைத்துக்கொள்ள எனக்குப் பிடிக்கவில்லை என்றாள். கேட்கக் கேட்க அவர் முகம் சிவந்தது. என்னைச் சீக்காளியாவே வச்சிருக்கச் சொன்னானா, பந்தல் போட்டுட்டானா, போன தேர்தலுக்கு ஓட்டுக் கேட்டு வரும்போது என் பேரு தெரியுமா அவனுக்கு என்று கேட்டுக்கொண்டே போனவர், பாதியில் நின்று, ஏதோ பொருள் தொலைத்தவர் மாதிரி நெஞ்சைத் தடவினார்.

"கோவம் வருதும்மா."

"வரட்டும் சார்."

"நல்லதா கெட்டதா?"

"வராம இருந்ததுக்கு நல்லதுதான்."

போகிறபோது அவள் ஒன்று கேட்டாள். அமாவாசை செவ்வாய்க்கிழமை. மறுநாள் புதன். பத்து மணிக்கு வருகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்றாள். ஆவுடையப்பன் டிக்கெட்டை மடித்து அவளிடம் திருப்பிக் கொடுத்தார்.

"சொன்னா வரணும். நான் சொல் மாறுனதில்ல. அதனால சொல்ல மாட்டேன்."

அவள் நச்சரிக்கவில்லை. பத்து மணிக்கு நான் அங்கேதான் இருப்பேன் என்று மட்டும் சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்குப் போனாள். சொல்லாத அந்த ஒரு வார்த்தை வீட்டு நடுவில் உட்கார்ந்துகொண்டது, உலகம்மாள் அதைச் சுற்றிச் சுற்றித்தான் அடுப்படிக்கும் வாசலுக்கும் நடந்தாள்.

ஆடி அமாவாசை வந்தது. ஆற்றில் முங்கி எள்ளும் தண்ணீரும் இறைத்துவிட்டு ஈர வேட்டியோடு ஜனங்கள் வந்து தெருவை அடைத்தார்கள், பந்தல் தெருக்கோடி வரைக்கும் போயிருந்தது, வாழை இலைகள் வாசலிலிருந்து விரித்தது விரித்தபடி அடுத்த தெருவுக்குத் திரும்பின, சோறும் பருப்பும் வாழைக்காய்ப் பொரியலும் பூசணிக்காய்க் கூட்டும் உளுந்த வடையும் பாயசமும் அவரவர் கைப்பக்குவத்தில் ஆவி பறந்தன, நடுவில் மர நாற்காலியில் ஆவுடையப்பனைப் பட்டுத் துண்டு போர்த்தி உட்கார வைத்திருந்தார்கள், அவர் தலையில் காக்கா இருந்தது. அது சாப்பிடவில்லை.

முதல் இலை, இரண்டாவது இலை, உருண்டைக்கு மேல் நெய், நெய்க்கு மேல் வடை, அது ஒன்றையும் தொடவில்லை, கண்ணை மூடித் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தது. ஜனங்கள் கெஞ்சினார்கள். வெயில் ஏற ஏறக் கெஞ்சல் பேச்சாயிற்று, பேச்சு வசவாயிற்று. உனக்கு என்ன குறை வச்சேன் என்று கேட்டார்கள், ஆஸ்பத்திரியில் கடைசி வாரம் நான் வராதது தப்புதான் என்றார்கள், நீ மட்டும் யோக்கியமா என்றார்கள், தெரு முழுக்க அவரவர் செத்தவர்களோடு அவரவர் பஞ்சாயத்து, யார் யாருக்குப் பதில் சொல்கிறார்கள் என்றே தெரியவில்லை. காக்கா தொடாமல் ஒருவரும் வாயில் பச்சைத் தண்ணீர் ஊற்றக் கூடாது. திருமலைக்குமார் பசியில் கவுன்சிலரைப் பார்த்து முறைத்தான். கவுன்சிலர் பந்தல்காரனை முறைத்தார். யாரோ ஒருவர் பைபாஸிலிருந்து ஒரு கால் துண்டு வாங்கி வரலாமா என்று மெதுவாகக் கேட்டு அடி வாங்கப் பார்த்தார்.

ஆவுடையப்பன் ஒன்றும் கேட்கவில்லை. இன்றைக்கு முடிந்துவிடும் என்ற நினைப்பில் ஒருவிதமாக நிம்மதியாக இருந்தார். அப்போது அவர் கண்ணில் உலகம்மாள் பட்டாள். தூணைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். சர்க்கரைக்காரி. விடியற்காலையில் ஊசி போட்டுக்கொண்டவள், இன்னும் ஒரு பருக்கை உள்ளே போகவில்லை. நெற்றியில் முத்து முத்தாக வேர்த்து, கை நடுங்கிக்கொண்டிருந்தது.

"ஏ, ஒரு வாய் போடு," என்றார்.

"அத்தை சாப்பிடட்டும்," என்றாள்.

"அது திங்காது. நீ தின்னு."

அவள் அசையவில்லை. அவர் தலைக்கு மேலே பார்க்காமல், நேராக அவர் முகத்தைப் பார்த்தாள். "சாகப் போறவருக்கு நான் தின்னா என்ன, திங்காட்டா என்ன?" என்றாள். நடுத்தெருவில், அத்தனை பேருக்கு நடுவில், சத்தம் போடாமல் சொன்னாள்.

ஆவுடையப்பனுக்குச் சுர்ரென்று ஏறியது. புத்தி கெட்டவளே என்றார், டாக்டர் என்ன சொல்லியிருக்கான் என்றார், குனிந்து முன்னால் இருந்த இலையிலிருந்து ஒரு கை சோறு அள்ளித் தன் வாயில் திணித்தார், மென்றார், விழுங்கினார், வாயைத் திறந்து அவளுக்குக் காட்டினார். "காக்கா தின்னாச்சு. போதுமா? தின்னு." அவள் வாயில் பாயசத்தை ஊற்றிய பிறகுதான் தெருவே மூச்சு விடாமல் தன்னைப் பார்த்துக்கொண்டிருப்பதைக் கவனித்தார். ஊரார் படைத்த படையலை ஒரு மனுஷன் எச்சில் பண்ணிவிட்டான். கொலை விழும் என்றுதான் முதலில் தோன்றியது. ஆனால் மணி இரண்டைத் தாண்டிவிட்டது, எல்லாருக்கும் குடல் ஒட்டியிருந்தது, பிள்ளையார் கோயில் அர்ச்சகர் வடையைப் பார்த்துக்கொண்டே சிந்தித்து, காக்காவைச் சுமக்கிறவர் சாப்பிட்டால் அது காக்கா சாப்பிட்ட கணக்குத்தான் என்று தீர்ப்புச் சொன்னார். சாஸ்திரத்தில் எங்கே இருக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை.

கேட்காததோடு விடவும் இல்லை. முதல் இலைக்காரனின் அப்பன் மட்டும் சாப்பிட்டால் போதுமா, எங்கள் ஆத்தா பட்டினியா என்று அடுத்த இலைக்காரி சண்டைக்கு வந்தாள். ஆவுடையப்பன் நாற்காலியை விட்டு எழுந்து, இலை இலையாக, பஸ்ஸில் சீட்டுச் சீட்டாகப் போன அதே முறைப்பில், ஒவ்வொன்றிலும் ஒரு வாய் எடுத்துத் தின்றுகொண்டே போனார். இதில் உப்பு இல்லை என்றார். உன் அப்பன் இதைத் தின்றுதான் செத்தானா என்றார். பதில் சொல்ல வேண்டியிருந்ததால் ஜனங்கள் அவர் முகத்தைப் பார்த்துப் பேசினார்கள். அடுத்த தெருவுக்குத் திரும்புகிற இடத்தில் ஒரு பூசணிக்காய்க் கூட்டை மறுபடியும் கேட்டு வாங்கினார். காக்கா அவர் நடைக்குத் தகுந்தபடி ஆடிக்கொண்டே உட்கார்ந்திருந்தது.

புதன்கிழமை. பெல்சி பத்து மணிக்கு முன்னாலேயே வந்து கதவைத் திறந்து வைத்தாள். பத்து அடித்தது. எக்ஸ்ரேக்கு வந்தவர்கள் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். பத்தரை ஆயிற்று. போனை எடுத்து உலகம்மாள் நம்பரைப் போடுவதும் கடைசி எண்ணில் நிறுத்துவதுமாக இருந்தாள். பதினொன்று ஆகும்போது நடைவழியில் செருப்புச் சத்தம் கேட்டது. ஆவுடையப்பன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து, நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணை மூடினார். பின்னாலேயே வந்த உலகம்மாள் அவரை விட்டுவிட்டு வெளியே பெஞ்சியில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டாள்.

"லேட்டாயிட்டு," என்றார். "வயிறு சரியில்ல. ராத்திரி பூரா கக்கூசுலதான் குடித்தனம். சாகதுக்கெல்லாம் நேரமே இல்ல."

பெல்சிக்குச் சிரிக்க வேண்டும் போலவும் அழ வேண்டும் போலவும் வந்தது, இரண்டையும் செய்யாமல், இப்போது அந்த நினைப்பு எப்படி இருக்கிறது என்று கேட்டாள். இருக்கிறது என்றார். போகவில்லை, ஆனால் தேதி எதுவும் இல்லை என்றார். அது இருந்துவிட்டுப் போகட்டும், தேதி இல்லாமல் இருக்கட்டும், அதற்குத்தானே நாம் உட்கார்ந்திருக்கிறோம் என்று சொல்லிக்கொண்டே, மாத்திரைச் சீட்டை அவர் பக்கம் நகர்த்தினாள். அதை எடுக்க அவர் குனிந்தார். குனிந்ததில் காக்கா நழுவி, இறக்கையை அடித்து, மேசை மேல் இறங்கிவிட்டது.

பெல்சியைக் காணவில்லை. நாற்காலி மல்லாந்து கிடந்தது. ஆவுடையப்பன் திரும்பித் தேடினார். அவள் இரும்பு அலமாரிக்கும் சுவருக்கும் இடையில், ஒரு ஆள் நுழைய முடியாத சந்தில் நுழைந்து, பையை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"சார்," என்றாள் பைக்குப் பின்னாலிருந்து. "எனக்குக் காக்கான்னா பயம்."

அவர் விளங்காமல் பார்த்தார்.

"சின்னதுலேர்ந்தே. பறவைன்னாலே ஆகாது. அதுவும் இது... தயவுசெஞ்சு எடுங்க சார்."

ஆவுடையப்பன் மேசையைப் பார்த்தார். கீழே கிடந்த நாற்காலியைப் பார்த்தார். சித்திரை, வைகாசி, ஆனி என்று இவள் எத்தனை புதன்கிழமை இதற்கு எதிரே, முழங்கை தூரத்தில், முகம் மாறாமல் உட்கார்ந்து, தூங்கினீர்களா சாப்பிட்டீர்களா என்று கேட்டிருக்கிறாள் என்பது அவருக்கு மெல்ல உறைத்தது. அவர் வாழ்நாளில் பார்த்த அத்தனை கள்ளப் பயணிகளிலும் இப்படி ஒருத்தி அவர் கண்ணுக்குத் தப்பியதில்லை. வயிற்றுக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. வயிற்று உபத்திரவம் என்றுதான் முதலில் நினைத்தார், அது சிரிப்பு. பெஞ்சியில் இருந்த உலகம்மாள் என்னவோ ஏதோ என்று வாசலுக்கு ஓடி வந்தாள்.

அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டே எழுந்து, ஜன்னல் கொக்கியை விலக்கி, கதவை முழுசாகத் தள்ளித் திறந்தார். பிறகு மேசைப் பக்கம் வந்து, பஸ்ஸிலிருந்து ஆளை இறக்குகிற அதே கையைத் தூக்கினார்.

"எறங்கு," என்றார்.

காக்கா அவரை ஒரு கண்ணால் பார்த்தது. மறு கண்ணால் பார்த்தது. மேசை விளிம்புக்கு நடந்து, ஜன்னலுக்குத் தாவி, வெளியே போய்விட்டது. "அத்தை," என்றாள் உலகம்மாள் வாசலில் நின்று, கூப்பிடுவது போலவும் இல்லாமல் வழியனுப்புவது போலவும் இல்லாமல்.

அவர் கீழே கிடந்த நாற்காலியை நிமிர்த்தி வைத்து, அதன் மேல் விழுந்திருந்த ஓர் இறகைத் தட்டிவிட்டார். பெல்சி சந்திலிருந்து ஒவ்வொரு தோளாக வெளியே வந்து, சேலையைச் சரிசெய்து, ஜன்னலை ஒருமுறை பார்த்துவிட்டு உட்கார்ந்தாள். அவர் தண்ணீர் பாட்டிலைத் திறந்து அவள் பக்கம் நகர்த்தி வைத்தார்.

"பையப் பையக் குடிங்க," என்றார். "நான் இங்கதான் இருக்கேன்."